ஐரோலி: ஆலை வாசலும் சட்டமன்ற வாசலும்

மும்பையின் தொழிற்சங்கத் தலைவர்கள் அரசியலுக்கு வந்த வரலாற்றைத் தனிமனித ஆற்றலின் கதையாக எழுதுவதே வழக்கம். அதில் சட்டத்துக்கும் நிலத்துக்கும் இருந்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. தானே–பேலாப்பூர் சாலையில் உள்ள ஐரோலியை நோக்கினால் இவ்விரண்டும் துலங்கும்.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், சங்க நிர்வாகிகளில் பாதிப்பேர் அத்தொழிலில் வேலை செய்பவராக இருந்தால் போதும் என்றது. மீதிப் பாதி வெளியாருக்குத் திறந்திருந்தது. வேலை பறிபோகும் அச்சமின்றி நிர்வாகத்தோடு மோத வழக்கறிஞரும் மருத்துவரும் முழுநேர ஊழியரும் தேவைப்பட்டனர். ஆகவே அவ்விடம் அவர்களால் நிரம்பியது. ஆலைக்குள்ளிருந்த உறுப்பினர் வாசலிலேயே நிற்க, வெளியிலிருந்து வந்தவர் சட்டமன்றம் சென்றார். காட்கோபரில் கல்குவாரித் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்த தத்தா சாமந்த் இதற்குத் தெளிவான சான்று.

சாமந்தின் வளர்ச்சிக்கு இன்னொரு சட்ட வேறுபாடும் துணை நின்றது. நெசவாலைகளை ஆண்ட 1946ஆம் ஆண்டு பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம், ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கத்தைத்தான் ஏற்றது. அந்த இடம் காங்கிரஸ் சார்பான ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கத்தின் கையில் இருந்தது. பொறியியல், வேதியியல் ஆலைகளுக்கு இக்கட்டு இல்லை. அங்கே ஆலைக்கு ஆலை தனிச் சங்கம் அமைக்கலாம். ஆலைதோறும் ஊதிய உயர்வு பெற்றுத் தந்த சாமந்தை நெசவாலைத் தொழிலாளர் தாமே சென்று அழைத்தனர். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 பேர் இறங்கினர். ஊதியத்தோடு, அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கை. போராட்டம் தோற்றது, முறையாக முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆயினும் 1984இல், இந்திரா மறைவின் அனுதாப அலைக்கு நடுவே, மும்பை தென்மத்தியத் தொகுதியில் சாமந்த் வென்றார். ஆலையில் தோற்றவர் வாக்குப்பெட்டியில் வென்ற இம்முரண் தனி ஆய்வுக்குரியது. 1997 ஜனவரி 16இல் அவர் பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கடற்கழிக்கு அப்பால் நிலைமை வேறு. 1960களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1970இல் நவி மும்பையை உருவாக்க சிட்கோ நிறுவப்பட்டது. நிலமிழந்தவர்கள் ஆக்ரி, கோளி சமூகத்தார். உப்பளம், மீன்பிடிப்பு, நெல் ஆகியவற்றை நம்பி வாழ்ந்தவர்கள். 1984 ஜனவரியில் உரண் வட்டாரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து விவசாயிகள் இறந்தனர். விவசாயிகள் தொழிலாளர் கட்சியின் தி. பா. பாட்டீல் அப்போராட்டத்துக்குத் தலைமை ஏற்றார்.

இத்தகைய மண்ணில் ஆலை வேலை என்பது கூலி மட்டுமன்று, பறிபோன நிலத்துக்கு ஈடும்கூட. ‘ஊதியத்தை உயர்த்து’ என்ற முழக்கத்தோடு ‘எங்கள் ஊராருக்கு வேலை கொடு’ என்பதும் சேர்ந்தது. இதே பகுதியின் கணேஷ் நாயக் தொழிற்சங்கப் பணியிலிருந்து எழுந்து, சிவசேனா சார்பில் 1990இலும் 1995இலும் பேலாப்பூரில் வென்று அமைச்சரானார். பின்னர் தேசியவாதக் காங்கிரசுக்கும், 2019இல் பாரதிய ஜனதாவுக்கும் சென்றார். மறுவரையறையில் பிறந்த ஐரோலித் தொகுதியில் 2009, 2014 தேர்தல்களில் அவர் மகன் சந்தீப் நாயக் வென்றார். 2019இலும் 2024இலும் கணேஷ் நாயக்கே வென்றார். கட்சி இரண்டு முறை மாறியும் செல்வாக்கு நிலைத்ததற்குக் காரணம் கொள்கையன்று; ஊரும் உறவும் ஆலையும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததே எனக் கொள்ளலாம்.

மண்ணின் மைந்தர் என்னும் இவ்வழி தமிழருக்குத் திறக்கவில்லை. 1966இல் தோன்றிய சிவசேனாவின் முதல் இலக்கே தென்னிந்தியர்தாம். 1970 ஜூனில் பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொலையுண்டார். இடைத்தேர்தலில் சேனாவின் வாமன்ராவ் மகாடிக் வென்றார். மொழி கடந்து தொழிலாளரை ஒன்றுசேர்த்த செங்கொடிச் சங்கங்கள் அதன்பின் மெலிந்தன. தாராவியின் தமிழ்த் தோல் தொழிலாளர் போன்றோருக்கு ஆலை வாசல் வழியாக அரசியல் செல்லும் பாதையும் அவற்றோடு குறுகியது.

இன்று ஐரோலியில் புகைபோக்கிகளைவிடக் கணினி நிறுவனக் கட்டடங்களே கண்ணில் படுகின்றன. துப்புரவு, காவல், உணவகப் பணிகள் ஒப்பந்தக்காரர் வசம் உள்ளன. 1971ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டத்தின்படி, அங்கீகாரம் கோரும் சங்கத்தில் நிறுவன ஊழியரில் 30 விழுக்காட்டினர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி நிறுவனத்தின் ஊழியர்தாமா என்பதே வழக்காகும்போது, அச்சட்டத்தின் கீழ் புகாரை ஏற்க இயலாது எனச் சிப்லா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் முதலில் உரிய மன்றத்தில் தம்மை ஊழியர் என நிறுவிக்கொண்டு வர வேண்டும்.