இறுதிச் சுற்றும் முந்திய பதினொன்றும்

குத்துச்சண்டையைப் பற்றித் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. போட்டி முழுவதும் மேலோங்கி நின்ற வீரனொருவன், கடைசிச் சுற்றில் ஒரு குத்து வாங்கித் தரையில் விழுந்து எழுந்தானாயின், தீர்ப்பாளர்கள் அவனுக்கே வெற்றி அளித்தபோதிலும் அவ்வெற்றி மாசுபட்டதே என்று ஒரு சாரார் சாதிக்கின்றனர். "விழுந்தவன் எப்படி ஐயா சாம்பியன்?" என்பது அவர்கள் கேள்வி. இதனைச் சரித்திரத்தின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

விழுதல் என்பது யாது? மற்போரில் முதுகு மண்ணில் பட்டால் போர் முடிந்தது. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றின் வாயிலாக அறிந்த நம்மவர்க்கு, வீழ்ச்சியே தோல்வி என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதில் வியப்பில்லை. குத்துச்சண்டையின் சட்டமோ வேறு. இங்கிலாந்தின் பழைய வெறுங்கைச் சண்டையில் ஒருவன் விழுந்தால் அச்சுற்று முடிந்ததேயொழியப் போர் முடியவில்லை. அரை நிமிஷம் இளைப்பாறிய பின் மீண்டும் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். 1867-இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகள் கையுறையையும், மூன்று நிமிஷச் சுற்றையும், பத்து விநாடி அவகாசத்தையும் ஏற்படுத்தின. விழுவது தோல்வியன்று, எழாமையே தோல்வி என்பதுதான் அவ்விதிகளின் கருத்து. இக்காலத்தில் விழுந்தவனுக்கு அச்சுற்றில் பெரும்பாலும் பத்துக்கு எட்டுப் புள்ளியே கிடைக்கிறது. வீழ்ச்சிக்குரிய அபராதத்தைச் சட்டமே வசூலித்துவிடுகிறது என்று பொருள். அதற்குமேல் ஜனங்கள் தனியே ஓர் அபராதம் விதிப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

2012 செப்டம்பர் 15-ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த போட்டியைப் பார்ப்போம். அர்ஜென்டினாவின் செர்ஹியோ மார்த்தினெஸுக்கு அப்போது வயது 37. எதிர்த்தவர் மெக்ஸிகோவின் ஹூலியோ சேசர் சாவெஸ் இளையவர். வயதிற் குறைந்தவர், உடலிற் பெரியவர், பெரும்புகழ் பெற்ற தந்தையின் மகன். மார்த்தினெஸ் கைகளைத் தாழ்த்திக்கொண்டு, கால்களின் வேகத்தையே கேடயமாக்கி, பதினொரு சுற்றுகள் தம் விருப்பம்போல் அவரைச் சுற்றிவந்து குத்தினார். பன்னிரண்டாம் சுற்றில் சாவெஸின் இடக்கைக் குத்து வந்து விழுந்தது. மார்த்தினெஸ் தரையில் சாய்ந்தார். எழுந்தார். எழுந்தபின் எதிரியைக் கட்டிப் பிடித்துக் காலங் கடத்தாமல் நேரே நின்று குத்துக்குக் குத்துக் கொடுத்தார். இது வீரமா, மடமையா என்று கேட்டால் இரண்டும் கலந்தது என்போம். மணி அடித்தது, மூன்று தீர்ப்பாளரும் அவருக்கே வெற்றியளித்தனர்.

தீர்ப்பாளர் இருவரின் ஏட்டில் 118க்கு 109. மற்றொருவரின் ஏட்டில் 117க்கு 110. தேயிலைக் கொழுந்துக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இவ்வெண்கள் மிகவும் தெளிவானவை. பதினொரு சுற்றுக்குப் பத்துப் பத்தாக 110, வீழ்ந்த சுற்றுக்கு 8, ஆக 118. எதிரிக்குப் பதினொரு சுற்றுக்கு ஒன்பது ஒன்பதாக 99, கடைசிச் சுற்றுக்கு 10, ஆக 109. அதாவது அவ்விருவரும் முதற் பதினொரு சுற்றுகளில் ஒன்றைக்கூடச் சாவெஸுக்கு அளிக்கவில்லை. மூன்றாமவர் ஒன்றே ஒன்றை அளித்தார். மாலையில் வந்த கடைசிக் கூடையில் முற்றிய இலை கலந்திருந்தால் அக்கூடைக்கு நிறை கழிப்பர். அதற்காகக் காலைமுதல் நிறுத்த கொழுந்தையெல்லாம் ஏட்டிலிருந்து அடித்துவிடுவது கணக்காகுமா?

"இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால்?" என்று கேட்பர். ஒரு நிமிஷம் குறைந்திருந்தால் என்று நாமும் கேட்கலாமே! முற்காலம் போலப் பதினைந்து சுற்று இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பாரும் உளர். பதினைந்து ஏன் பன்னிரண்டாயிற்று என்பதை அவர்கள் மறந்தனர் போலும். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மான்சினியுடன் பொருது பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, மூளையிற் காயமுற்று, சில நாட்களில் மாண்டார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டை மன்றம் சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற மன்றங்களும் பிறகு அவ்வழியே வந்தன. குறைக்கப்பட்ட மூன்று சுற்றுகள் ஓர் இளைஞனின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கியவை. பார்ப்பவர் ஆவலைத் தீர்க்க அவற்றைத் திருப்பிக் கேட்பது மனிதத் தன்மையன்று.

கடைசி வீழ்ச்சி முடிவையே புரட்டிய சம்பவமும் உண்டு. அதில் எதிர்நின்றவர் மேற்சொன்ன சாவெஸின் தந்தையே என்பது சரித்திரத்தின் வேடிக்கை. 1990 மார்ச் 17-இல் அமெரிக்கரான மெல்ட்ரிக் டெய்லர், பதினொரு சுற்று முடிவில் மூன்று தீர்ப்பாளருள் இருவரின் ஏட்டில் மூத்த சாவெஸைவிட மிகவும் முந்தி நின்றார். பன்னிரண்டாம் சுற்றின் இறுதியில் விழுந்தார், எழுந்தும் நின்றார். நடுவர் ரிச்சர்டு ஸ்டீல், போரைத் தொடர முடியுமா என்று வினவினார். விடை வரவில்லை. இரண்டே விநாடி எஞ்சியிருக்க ஸ்டீல் போரை நிறுத்தினார். அத்தீர்ப்பைப் பலர் இன்றும் வைகின்றனர். நடுவர் கடிகாரத்தைப் பாராமல் மனிதன் முகத்தைப் பார்த்தார் என்பதே நம் அபிப்பிராயம். அங்கே எழுந்தவனுக்குப் போரிடும் நிலையில்லை. மார்த்தினெஸோ எழுந்து போரிட்டார். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பிழை.

நம் நாட்டுக்கு வந்த முகம்மது அலியின் கதையும் இதற்குப் பொருந்தும். 1975 ஜூலை 1-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுப் புள்ளிக் கணக்கில் அவர் வென்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், மார்ச் 24-இல், சக் வெப்னர் என்பாரிடம் ஒன்பதாம் சுற்றில் விழுந்து, பின் பதினைந்தாம் சுற்றில் அவரைத் தோற்கடித்தவரும் இதே அலிதான். 'முன்பு விழுந்தவர்' என்று கோலாலம்பூரில் எவரும் அவர் பட்டத்தைக் குறைத்து மதிக்கவில்லை. மறுபுறம், 1971-இல் ஜோ பிரேஸியர் பதினைந்தாம் சுற்றில் அலியை வீழ்த்தியதாலேயே அப்போட்டியை வென்றார் என்று நினைப்போர் பலர். அந்த ஒரு சுற்றை நீக்கிவிட்டு எண்ணினாலும் மூவர் ஏட்டிலும் பிரேஸியரே முன்னிற்கிறார். கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிந்தது கணக்கிற் பெரிதாயிருக்க வேண்டியதில்லை.

1927-இல் சிக்காகோவில் ஏழாம் சுற்றில் விழுந்த ஜீன் டன்னிக்கு ஏறக்குறையப் பதினான்கு விநாடி கிடைத்தது என்பர். வீழ்த்திய ஜாக் டெம்ப்ஸி விதிப்படி ஒதுக்கு மூலைக்குச் செல்லாமல் தாமதித்ததே அதற்குக் காரணம். அடுத்த சுற்றில் டன்னி டெம்ப்ஸியை வீழ்த்தினார், போட்டியையும் வென்றார். ஆயினும் டன்னியின் பெயர் வந்தவிடமெல்லாம் அப்பதினான்கு விநாடியும் கூடவே வந்தது.

இம்மனப்பான்மையின் வேர் எங்கே இருக்கிறது? தீட்டுக் கொள்கையில் இருக்கிறது என்போம். ஒரு துளி பட்டால் குடம் முழுதும் கெட்டது, ஒரு நிழல் விழுந்தால் தெரு முழுதும் கெட்டது என்று கற்பித்தவர்களின் தர்க்கம், கோயில் வாயிலைக் கடந்து விளையாட்டுக் களம்வரை வந்துவிட்டது. முப்பது வருஷம் உழைத்த ஒருவரைக் கடைசி மாதத்து ஒரு சச்சரவைக் கொண்டே நினைவுகூர்வதும், ஒரு தேர்வில் தவறிய பெண்ணை அதுவரை பெற்ற மதிப்பெண்ணையெல்லாம் மறந்து வீட்டில் உட்கார்த்துவதும் அதே தர்க்கந்தான்.

அவ்வீழ்ச்சிக்கு அர்த்தமே இல்லை என்று நாம் கூறவில்லை. அது முடிந்துபோன பதினொரு சுற்றுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரவிருந்த நாட்களைப் பற்றிச் சொல்லிற்று. மார்த்தினெஸின் கால்கள் தளரத் தொடங்கியிருந்தன. 2013 ஏப்ரலில் புவெனஸ் ஐரிஸில் மார்ட்டின் மரேயை வென்ற போட்டியிலும் அவர் எட்டாம் சுற்றில் விழுந்தார். 2014 ஜூனில் நியூயார்க்கில் மிகேல் கோட்டோ முதற் சுற்றிலேயே அவரை மும்முறை வீழ்த்தினார். அதன் பிறகும் எழுந்து ஒன்பது சுற்றுவரை நின்றவரை, பத்தாம் சுற்றுக்கு அனுப்ப அவர் தரப்பினரே மறுத்துவிட்டனர். ஆறு வருஷங்கள் கழித்து, 45-ஆம் வயதில், ஸ்பெயினில் அவர் மீண்டும் களமேறினார்.