தோளில் தொங்கும் பையும் திருகோணமலைத் துறைமுகமும்

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்குத் திருகோணமலை வருகின்ற உறவினரும் நண்பரும் அண்மைக் காலமாக என்னிடம் தவறாமல் கேட்கின்ற கேள்வி ஒன்றுண்டு. கமராவை எந்தப் பையில் கொண்டுவருவது? முதுகுப் பையா, பக்கவாட்டில் தொங்கும் பையா, அல்லது மார்புக்குக் குறுக்கே ஒற்றைப் பட்டியில் மாட்டும் ஸ்லிங் பையா? பஞ்சு வைத்த தடுப்புகள் எத்தனை, மழை நீர் புகுமா, பட்டி தோளை அறுக்குமா என்பனவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். ஆனால் இந்தத் துறைமுகப் பட்டினத்தில் கமராப் பை வெறும் பாரத்தைப் பற்றிய விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. அதைப் பார்க்கின்ற கண்கள் யாருடையவை என்பதும் எப்போதும் சேர்ந்தே எண்ணப்பட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை விட்டுவிட்டு ஒரு பையின் பெயரை மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

தொடக்கத்தில் பை என்ற பேச்சே இல்லை. வண்டிதான். 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, அது உலர்வதற்குள் படத்தையும் எடுத்து உருத்துலக்கியும் விடவேண்டும். கால் மணி நேரத்துக்கும் குறைவான அவகாசம். ஆகவே படப்பிடிப்பாளர் போகுமிடமெல்லாம் இருட்டறையும் கூடவே போயிற்று. கூடாரம், முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் போத்தல்கள், கழுவுவதற்கு நல்ல தண்ணீர் எல்லாம் மாட்டு வண்டியிலும் கூலியாட்களின் தலையிலும் ஏறின. 1870, 71ஆம் ஆண்டளவில் ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளை இலங்கை அரசின் தொல்லியல் முயற்சிக்காகப் படமெடுத்தது இவ்வாறுதான். அன்று அடர்ந்த காடாயிருந்த அந்தப் பொலன்னறுவை, திருகோணமலைக்குத் தெற்கே உட்பகுதியில் இருப்பது. கொலோடியனில் கலந்திருக்கும் ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். நமது வைகாசி, ஆனி வெயிலை அறிந்தவர்கள் அந்தக் கூடாரத்துக்குள் நின்றவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். லோட்டன் உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பி 1872இல் இறந்தார். அவருடைய படங்களின் அமைதியைப் பார்த்து வியப்பவர்கள் அந்தச் சுமையையும் சேர்த்து நினைக்கவேண்டும் என்பது என் கருத்து.

பின்னர் சுமை விரைவாகவே சிறுத்தது. 1871இல் மடொக்ஸ் உலர்தகட்டைக் கண்டுபிடித்தார். 1888இல் ஈஸ்ட்மனின் கொடக் வந்தது. 1925இல் லைக்கா விற்பனைக்கு வந்தபோது கமரா மேலங்கிப் பைக்குள்ளேயே அடங்கிற்று. ஆனால் கமரா சிறுத்த அதே காலத்தில் திருகோணமலையில் பார்க்கக்கூடாதவை பெருத்தன. இந்த ஊரின் நிலவமைப்பே அப்படிப்பட்டது. உள்துறைமுகத்தை நோக்கித் திரும்பினால் கடற்படைத்தளம். கோணேசர் மலைக்கு ஏறினால் பிரெடெரிக் கோட்டையும் அதனுள் படைமுகாமும். மேற்கே சீனக்குடாவில் விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும். அழகிய காட்சி ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏதோவொரு படைத்துறைச் சொத்து நுழைந்துவிடும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியதை அறிந்தவர்கள், கமராவுடன் திரிபவரை இங்கே ஏன் சந்தேகத்துடன் பார்த்தார்கள் என்பதையும் விளங்கிக்கொள்வார்கள். பிரித்தானியர் 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். சந்தேகத்தையும் அதனோடு சேர்த்தே கையளித்துவிட்டார்கள் போலும்.

அவர்கள் போவதற்கு ஓராண்டுக்கு முன், 1956இல், கோணேசர் மலையடிக் கடலில் வேறொரு வகையான கமராச் சுமை இறங்கிற்று. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே சுழியோடி, செதுக்கப்பட்ட கற்களும் தூண்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டனர். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் எச்சங்கள் அவை. நீரில் நனையாத கமராக்கள் கடைகளுக்கு வருவதற்கு முந்திய காலம் அது. கூஸ்ரோவின் குழுவோடு தொடர்புடைய கலிப்சோ கமராவும், அதன் வழிவந்த நிக்கொனொசும் 1960களில்தான் வெளிவந்தன. அதற்கு முன் நீருக்கடியில் படமெடுப்பவர் சாதாரணக் கமராவை நீர்புகாப் பெட்டியொன்றுக்குள் அடைத்தே கொண்டுசெல்ல வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தில் மணல் துகள் ஒன்று சிக்கினால் போதும், முழுக் கமராவும் உப்பு நீருக்குப் பலியாகும். அந்தச் சுழியோட்டங்களைப் பற்றிய கிளார்க்கின் நூல், 'தி றீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்', 1957இல் வெளிவந்தது. மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த அழிவுக்குக் கடலடிச் சான்று கிடைத்தது. 1963இல் மீளக் கட்டப்பட்ட ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

பைக்கு வருவோம். இன்று நாம் தோளில் மாட்டுகின்ற மென்துணிப் பையின் பூர்வீகம் மீன்பிடித்தல் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் பில்லிங்ஹம் நிறுவனம் 1973இல் தைக்கத் தொடங்கியது தூண்டில்காரருக்கான பைகளை. படப்பிடிப்பாளர்கள் அவற்றை வாங்கிப் பயன்படுத்துவதை அறிந்த பின்னரே அது கமராப் பைக்கு மாறிற்று. அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவையரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கே, பெட்டி வடிவான கனத்த பைகள் ஓடியாடி வேலை செய்பவனுக்கு உதவாதென்று கண்டு, இடுப்போடு ஒட்டிக்கிடக்கும் கன்வஸ் பையொன்றைத் தமக்கென வடிவமைத்தார். உலகப் பத்திரிகையாளர் பலரின் தோளில் அது தொங்கியது. நமது கரையோரத்தில் மீனவர் இடுப்பில் கட்டும் பறியும் அடிப்படையில் இதே தத்துவந்தான்: இரண்டு கையும் வேலைக்கு, சுமை உடம்போடு, வாய் மேலே. ஒற்றைப் பட்டியில் முதுகில் கிடந்து, கழற்றாமலே முன்பக்கம் சுழற்றி எடுக்கக்கூடிய ஸ்லிங் பை, லோவ்ப்ரோ நிறுவனத்தின் 'ஸ்லிங்ஷொட்' வாயிலாக 2000களின் நடுவில் பரவலாயிற்று.

அந்த ஆண்டுகளில் திருகோணமலையில் இயங்கிய நிருபர் எவரும் அப்படியொரு பையை மாட்டிக்கொண்டு நடமாடியிருக்க மாட்டார். காரணம் விலை மட்டுமன்று.

போர்க்காலத்தில் பஸ் பயணம் என்பது சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி இறங்கி, பையைத் திறந்து, நடந்து, மறுபடி ஏறுவது. கறுப்பு நிறத்தில், பல சிற்றறைகளுடன், தடித்த பஞ்சு வைத்துத் தைத்த பை எதுவாயினும் மேசைக்குப் போகும். உள்ளேயிருப்பதெல்லாம் வெளியே வரும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களின் பட்டியலில் பற்றரிகளும் இருந்தன. பிளாஷ் விளக்குக்கோ நான்கு பென்டோர்ச் பற்றரிகள் வேண்டும். அவை யாருக்கு, எத்தனை, ஏன் என்ற விசாரணைக்கு முடிவே இராது. நான் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் சோற்றுப் பெட்டி கொண்டுபோகும் வெளிறிய துணிப் பையையே பல ஆண்டுகள் பயன்படுத்தினேன். கமராவைத் துவாயில் சுற்றி, மேலே அன்றைய பத்திரிகையை வைப்பேன். மறைப்பது என் நோக்கமன்று. கேட்டால் காட்டத்தான் போகிறோம். கேட்கவேண்டுமென்ற எண்ணம் தூரத்தில் வரும்போதே எழாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் என்று விளம்பரம் செய்கின்ற பை கொழும்பில் பெருமையைத் தரலாம். இங்கே அது அடையாளம் காட்டிக் கொடுக்கும் பொருள்.

படச்சுருள் இருந்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. சுருளை நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவவேண்டும், அல்லது கொழும்பு பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். எவ்வாறாயினும் நீங்கள் எதைப் படமெடுத்தீர்கள் என்பதை அறிந்த மூன்றாம் ஆள் ஒருவர் இருப்பார். 2000களின் தொடக்கத்தில் டிஜிட்டல் கமரா இந்த ஊர் நிருபர்களின் கைக்கு வந்தபோது அந்த மூன்றாம் ஆள் இல்லாமற் போனார். படங்கள் யாவும் நகத்தளவான ஓர் அட்டையில் அடங்கின. ஈரத்தகட்டு வண்டியிலிருந்து தொடங்கிய சிறுத்தல் அத்துடன் ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம்.

அதனால் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்பதற்கு 2006 ஜனவரி மாதம் சாட்சி. அம்மாதம் 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் பகுதிநேர நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைச் சவச்சாலைக்குச் சென்று அந்த உடல்களைப் படமெடுத்தார். படங்கள் அச்சில் வந்தன. தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாக இருந்தன. குண்டுவெடிப்புக் கதை அத்தோடு நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்வதற்காகப் பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் இறந்து இருபத்திரண்டு நாட்கள் கழிந்திருந்தன.

அவர் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் செய்தி எழுதியவர். மாகாணங்களில் இயங்கிய நிருபர் மிகப் பலரின் நிலை அதுவே. நிறுவனத்தின் வாகனமோ, காப்புறுதியோ, 'ஊடகம்' என்று எழுதிய மேலங்கியோ அவர்களுக்கு இல்லை. போர்ப் படப்பிடிப்பின் வரலாற்றை எழுதுகின்றவர்கள் காப்பாவையும் அவருடைய லைக்காவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எழுதட்டும். ஒரு பட்டினத்தில் சொல்லப்பட்ட பொய்யை உடைத்த படங்களை எடுத்த இந்த மனிதருக்கு அந்த நூல்களில் ஒரு வரியேனும் வேண்டும். மாணவர் கொலை தொடர்பில் 2013இல் கைதுசெய்யப்பட்ட பதின்மூன்று பாதுகாப்புப் படையினரும் 2019 ஜூலையில் சாட்சியம் போதாதென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜனைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில். போர் முடிந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கும் கமராவுடன் வருபவர்களை இன்று யாரும் மறிப்பதில்லை. ஆயினும் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் குண்டுகள் முதுகுப் பைகளில் கொண்டுவரப்பட்டன. அதன் பின்னர் தேவாலயங்களின் வாசலில் முதுகுப் பைகள் மறிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதுகுப் பையை விட ஸ்லிங் பையையே நான் பரிந்துரைப்பேன். அதைக் கழற்றாமலே முன்னுக்கு இழுத்து, நின்ற நிலையில் திறந்து காட்டலாம். ஒரு கமராவும் இரண்டு லென்சும் போதும். மூன்று கிலோவுக்கு மேற்பட்டால் ஒற்றைத் தோள் மாலைக்குள் முறையிடத் தொடங்கிவிடும். படைச்சீருடையை ஒத்த புள்ளித் துணி வேண்டாம். கம்பனிப் பெயர் பெரிதாகப் பொறித்ததும் வேண்டாம். இழுப்புப் பூட்டு உலோகமாயின் கடற்காற்றில் சில மாதங்களிலேயே பச்சை பூத்து இறுகும். எனவே தடித்த பிளாஸ்டிக் பல் கொண்டதாகப் பாருங்கள், வாரமொருமுறை நன்னீர் தொட்ட துணியால் துடையுங்கள். வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போடாவிட்டால் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். புறாத்தீவுக்குப் படகில் போவதானால் இவை எதுவும் உதவாது. வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலைக் கடக்கும்போது கமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். உள்ளே மான்கள் நிற்கும் இடம் வந்ததும் எடுக்கலாம். முகாம்க் கட்டடங்களின் பக்கம் மட்டும் திருப்பவேண்டாம்.