சுராங்கனி பாடிய மனோகரன்

இலங்கை வானொலி தமிழகத்து இல்லங்களில் நிறைந்திருந்த எழுபதுகளிலே, கர்நாடக சங்கீதமும் பஜனையும் வேரூன்றிய சென்னை நங்கநல்லூர் போன்ற பிரதேசங்களையும் தாளமிட வைத்த பாட்டு, இலங்கைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'.

1505-இல் இலங்கைக் கரையேறிய போர்த்துக்கீசியரும், பின்னர் அங்கே குடியமர்ந்த ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற துள்ளல் தாளத்திலே பிறந்த பைலா என்னும் இசை வகையை, சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தேன் என்னும் எளிய சங்கதியோடு, சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடினார். இரு இனத்தாரிடையே சந்தேகம் வளர்ந்துவந்த அக்காலத்தில் இரு மொழிகளையும் ஒரே மூச்சில் ஒலித்தது அற்பமான காரியமன்று. அரசியல் மேடைகள் சாதிக்காததை, மேடைதோறும் ஆடிப் பாடிய இந்தக் கலைஞர் சில நிமிஷங்களுக்காவது சாதித்தார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அம்மெட்டை எடுத்தாள, மலேசியா வாசுதேவன் குரலில் அது தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளையும் எட்டியது. இன்றும் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் அதைத் தொடங்கினால், முன்வரிசைப் பாட்டிமார் கைதட்டுகிறார்கள். பாடியவர் பெயரைக் கேட்டால் சொல்வார் அரியர்.

சென்னைக்கு வந்தபின் 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் திரைப்படங்களில் வில்லன் வேஷங்களே அவருக்குப் பெரிதும் வாய்த்தன; அக்குரலுக்குரிய கௌரவத்தைத் திரையுலகம் அளிக்கவில்லை. 2018 ஜனவரி 22-இல் இந்நகரிலேயே அவர் காலமானார்.