‘கிடைக்கவில்லை’ என்று திரை சொன்னால்

நம் ஊர்ச் சரித்திரத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் பலருக்கும் ஒரே குறை. “அரிக்கமேடு பற்றிய பழைய ஆய்விதழ்கள் இணையத்தில் இருக்கின்றன என்கிறீர்கள். தேடினால் ஒன்றும் வரவில்லையே, ஐயா!” என்கிறார்கள். பெரும்பாலும் அவை இருக்கின்றன. வராமல் போவதற்குக் கணினி மட்டுமே காரணமில்லை, சரித்திரமும் ஒரு காரணம். அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பூட்டு திறந்துவிடும்.

ஆய்விதழ் என்பது 1665இல் பிறந்தது. ஜனவரியில் பாரிஸில் ‘ழூர்னால் தே சவான்’, மார்ச்சில் லண்டனில் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவை தாளில், நூலக அலமாரிக்காகவே அச்சாயின. அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தது நேற்று நடந்த கதை. 1995இல் அமெரிக்காவில் ஜேஸ்டோர், 1997இல் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா, 2005இல் பெர்சே. தாளுக்காகச் செய்ததைத் திரையில் படிக்கும்போது வரும் சங்கடங்கள்தாம் நம் சங்கடங்கள்.

முதல் சங்கடம் பெயர். அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் ஆங்கில முறையில் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களோ உகர ஒலிக்கு ‘ஓ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ‘அரிக்கமேதூ’ என்பார்கள். வீராம்பட்டினம் ஒருவரிடம் ‘விராபத்னம்’, இன்னொருவரிடம் ‘விராம்பத்னம்’. நடுவில் ஒரு ‘எம்’ இருக்கும், அல்லது இருக்காது. 1956இல் காசால் தம்பதி வெளியிட்ட நூலில் முத்திரையர்பாளையம் ‘மூத்ரபலேயோன்’ ஆகியிருக்கிறது, சுத்துக்கேணிக்கு இரண்டு இடத்தில் ‘ஓ-யூ’. ஆகவே ஒரு பெயரைக் குறைந்தது நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். கிரேக்கர்கள் சொன்ன ‘பொதூக்கே’யையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, இயந்திரத்தின் கண். பழைய பக்கத்தைப் படமெடுத்து, படத்திலிருந்து எழுத்தை இயந்திரமே ஊகித்து எழுதிக்கொள்கிறது. நாம் தேடுவது அந்த ஊகத்தில்தான். பிரெஞ்சு எழுத்தின் தலையிலுள்ள ‘அக்சான்’ குறிகளை அது தவறவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் இன்னொரு தொல்லை: சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ நீண்டு, ‘எஃப்’ போலத் தெரியும். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769இல் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் ஏமாந்த வானியலாளர் லெ ழாந்தீய் நினைவிருக்கலாம். அவருடைய பயண நூல் 1779இல் அச்சேறத் தொடங்கியது. அதில் ‘எஸ்’ உள்ள சொல்லைத் தேடினால் அகப்படுவது சந்தேகம். ‘பகோத்’ மாதிரி ‘எஸ்’ இல்லாத சொல்லாகக் கொடுங்கள். அதுவும் வராவிட்டால் பொருளடக்கத்துக்குப் போய், பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். பதிவறையில் ரெஜிஸ்தர் புரட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

மூன்றாவது, பக்க எண். வீலரின் அகழாய்வு நடந்தது 1945இல், அறிக்கை வெளியானது 1946இல், ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இரண்டாம் இதழில், 17 முதல் 124 வரையுள்ள பக்கங்களில். அகழ்ந்த ஆண்டை இதழின் ஆண்டாக எண்ணித் தேடினால் அகப்படாது. இதழ் எண்ணைப் பிடித்துக்கொள்வதே பத்திரம். அடிக்குறிப்பு ‘பக்கம் 40’ என்றால், கட்டுரையை மட்டும் தனியே எடுத்த கோப்பில் அது 24ஆம் தாள். முன்னால் ஒரு முகப்புத் தாள் ஒட்டியிருந்தால் 25. இடையில் எண்ணில்லாத படத் தாள்கள் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். திரையின் மேலே தெரியும் எண்ணை நம்பாமல், தாளில் அச்சான எண்ணைப் பாருங்கள்.

நான்காவது, பூட்டிய கதவு. பணம் கட்டு, அல்லது பல்கலைக்கழகம் வழியாக வா என்று ஒரு தளம் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். ஒரே இதழ் இரண்டு வீட்டில் குடியிருக்கும். 1901இல் தொடங்கிய, தூரக்கிழக்குக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் ‘புல்த்தேன்’ ஜேஸ்டோரிலும் இருக்கிறது, பெர்சேயிலும் இருக்கிறது. பெர்சேயில் பழைய இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். மிகப் புதிய இதழ்களை மட்டும் சில ஆண்டுகள் பொறுத்தே திறந்துவிடுவது பல இதழ்களின் வழக்கம். பழைய இணைப்பு செத்துப்போயிருந்தால், பத்து என்ற எண்ணில் தொடங்கும் டி.ஓ.ஐ. எண் கட்டுரையில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரை வீடு மாறினாலும் அந்த எண் மாறாது. பக்கம் வெறும் வெள்ளையாக நின்றால், பெரும்பாலும் படக்கோப்பின் கனம்தான் காரணம். சற்றுப் பொறுங்கள், அல்லது முழுக் கோப்பையும் இறக்கிக்கொண்டு படியுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். வீலர் ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் கண்ட அரிக்கமேட்டை உலகம் அறியும். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை அங்கே தோண்டிய காசால் எழுதியது பிரெஞ்சில். அதைப் படிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் பிரெஞ்சில் ‘மூத்ரபலேயோன்’ என்று பார்த்ததும் ‘அடடா, இது நம் முத்திரையர்பாளையம்’ என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாம்தான். நாம் குறைந்துகொண்டே வருகிறோம். இயந்திரத்துக்குத் தெரியாத அந்த ஒன்று நமக்குத் தெரியும்.

ஆகவே, தேடியதில் கிடைத்த பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு எழுத்து, எதிரே தமிழ்ப் பெயர், பக்கத்தில் இதழ் எண். உங்கள் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் நாளை இந்த ஊரைப் பற்றித் தேட உட்காரும்போது, அந்த நோட்டு கையில் இருந்தால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுந்து போகமாட்டார்.