கோலே அம்பு: ஒரு சொல்லும் அதன் பொருளும்

தமிழில் அம்பைக் குறிக்கும் பெயர்கள் பல. அம்பு, கணை, கோல், பகழி, வாளி என்பனவும், வடமொழியிலிருந்து வந்து கலந்த சரம், பாணம், அத்திரம் என்பனவும் நிகண்டுகளில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், அவை யாவும் ஒருபொருட் பன்மொழி என்று கொள்ளப்பட்டு வந்துள்ளன. ஆயினும் அவற்றுட் சிலவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும்போது, வில்லெடுத்து வேட்டைக்குச் சென்றவர் தம் அம்பில் எதை முதலில் பார்த்தனர் என்பதற்கான சான்று அவற்றினுள் பொதிந்து கிடப்பது புலப்படும். கூரிய முனையையே அம்பென்று இன்றைய கண் எண்ணுகிறது. பழஞ்சொற்கள் முனையை விட்டுத் தண்டையே பேசுகின்றன.

அம்பு என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் அது ஏறத்தாழ இதே வடிவில் வழங்க, தெலுங்கில் அம்மு என ஒலிக்கிறது. அம்பு இட்டுவைக்கும் கூட்டைத் தெலுங்கர் அம்முலபொதி என்பர். பொதி என்பது தமிழருக்கும் தெரிந்த சொல்லே. இவ்விரு வடிவங்களும் ஒரே சந்தையில் காதில் விழக்கூடிய நிலப்பகுதி, திருத்தணியும் அதனை அடுத்த மணவூரும் அடங்கிய வட எல்லைப் பகுதியாகும். மொழிவழி எல்லைச் சிக்கல் தீர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. சொற்கள் அந்த எல்லைக்கோட்டை அறியாமல் இரு புறமும் வழங்கிவருகின்றன.

இவ்வூர்ப்பெயர்கள் சொல்லாராய்ச்சியாளருக்கு ஓர் எச்சரிக்கையும் தருகின்றன. மணவூரோடு இணைத்துப் பேசப்படும் பழம்பெயர் மணவில். தொண்டைமண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றான மணவிற்கோட்டமும், முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் காலத்துப் படைத்தலைவனான மணவிற் கூத்தன் காலிங்கராயனும் அப்பெயரைத் தாங்கி நிற்கக் காண்கிறோம். படைத்தலைவன் ஊராயிற்றே என்று அதனுள் வில்லைத் தேடுதல் தவறு. மண என்பதனோடு இல் என்னும் ஊர்ப்பெயர் ஈறு சேர, இடையில் வகர உடம்படுமெய் தோன்றியது என்று கொள்வதே இலக்கணத்துக்கு இயைவது. அவ்வாறே, 1863இல் இராபர்ட் புரூசு பூட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் திருத்தணி உள்ள அதே மாவட்டத்தில் இருப்பினும், அவ்வூர்ப்பெயர் அத்திரம் என்னும் அம்புப்பெயரோடு ஒலிக்கிறது என்பதைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது; அங்குப் பெருமளவில் கிடைத்தவை கைக்கோடரிகளே.

இனித் தண்டைப் பேசும் சொற்களைக் காணலாம். கோல் என்பது குச்சி, தடி, அளவுகோல், துலாக்கோல் எனப் பலவற்றுக்கும் பொதுவாகி, பழம்பாடல்களில் அம்பையும் குறித்தது. தெலுங்கிலும் கோல என்பதற்கு இவ்விரு பொருளும் உண்டு. கணை என்பதன் உறவுச் சொற்கள் யாவும் உருண்டு நீண்டு திரண்ட வடிவைச் சுட்டுவன: முழந்தாளுக்குக் கீழுள்ள பகுதி கணைக்கால், கோட்டை வாயிலின் குறுக்கே இடும் மரம் கணையம். வடமொழியில் சரம் என்பது அம்புக்கும், அம்பு செய்ய உதவிய நாணல் வகைக்கும் ஒரே பெயர். மூன்று சொற்களும் இரும்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. குச்சி, உருள்தடி, நாணல் என்று தண்டையே மூன்று விதமாகச் சுட்டுகின்றன.

சொல்லின் இச்சார்பு பொருளின் இயல்பிலிருந்தே பிறந்தது. நடுவில் வெட்டில்லாத மரபுவில்லில் அம்பு, வில்லின் மையத்தில் அமராமல் பக்கவாட்டில் சாய்ந்தே அமர்கிறது. நாணை விட்டவுடன் பின்புறமிருந்து வரும் விசை தண்டை நெருக்க, அது வில்லைச் சுற்றி வளைந்து, மறுபுறம் நிமிர்ந்து, மீன்போல் நெளிந்துகொண்டே இலக்கை நோக்கிச் செல்கிறது. வில்லாளர் புதிர் என்று மேலைநாட்டு வில்வித்தை நூல்கள் பெயரிட்ட இந்நிகழ்வே, ஒரு வில்லுக்குப் பொருந்தும் அம்பு மற்றொரு வில்லுக்குப் பொருந்தாமைக்குக் காரணம். வலக்கையால் நாணிழுத்து வில்லின் இடப்புறம் அம்பை வைப்பவருக்கு, அளவுக்கு மீறி விறைத்த தண்டு இடப்பக்கமும், அளவுக்கு மீறித் துவளும் தண்டு வலப்பக்கமும் விலகிப் போகும். முனையை எவ்வளவு தீட்டினாலும் இப்பிழை தீராது.

விறைப்பை அளக்கவும் ஒரு கணக்கு உண்டு. 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் மரத்தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, அது எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று பார்த்து, அவ்வெண்ணால் 26ஐ வகுப்பர். அரை அங்குலம் தாழ்ந்தால் அத்தண்டு ஏறத்தாழ 52 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்குரியது என்று மதிப்பிடப்படும். தேர்ந்த பின்னரும் திருத்த இடமுண்டு: தண்டைக் குறுக்கினால் விறைப்புக் கூடும், முனையின் எடையைக் கூட்டினால் தண்டு மேலும் நெளியும், இறகில்லாத அம்பை எய்து பார்த்தால், இறகு மறைத்துவந்த பிழை வெளிப்படும். எண்ணால் அளக்காத காலத்தில் இதே வேலையை விரலும் கண்ணும் செய்தன. மூங்கில் கழியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கி, கோணல் கண்ட இடத்தை அனலில் வாட்டி நிமிர்த்துவதும், இரு கையாலும் வளைத்து அதன் துவட்சியை உணர்வதும் அம்பு செய்வோர் கைத்திறனின் அடிப்படை.

நேர்மையே கோலின் முதற்குணம் என்பதைத் தமிழ் மறக்கவில்லை. செங்கோல், கொடுங்கோல் என்னும் அரசியற் சொற்கள் நேரான கோலையும் வளைந்த கோலையும் அடிப்படையாகக் கொண்டவை. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம், நேராயிருந்து கொல்லும் கணையையும் வளைந்திருந்து இன்பம் தரும் யாழையும் எதிரெதிரே நிறுத்தி, வடிவைக் கண்டு மயங்காமல் செயலைக் காணச் சொல்கிறது. வில்லும் யாழும் பிறப்பால் நெருங்கியவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், குமிழங்கொம்பில் மரல்நாரைக் கட்டி இடையன் செய்துகொள்ளும் வில்யாழ் வருகிறது. நரம்பைப் பண்ணுக்கு இசைவிப்பது போன்றதே அம்பை வில்லுக்கு இசைவிப்பதும்.

உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் அகராதியோடு நின்றுவிட்டன. அம்பின் இரும்புத்தலை அலகு. பறவையின் மூக்கையும் அச்சொல் குறிக்கும். இறகுப் பகுதி உடு. விண்மீன் என்னும் மற்றொரு பொருளே இன்று எஞ்சியிருக்கிறது. வில்லின் நுனியில் நாண் பூட்டும் வெட்டு குதை. அம்புக்கூட்டின் பெயரான ஆவநாழிகையில் உள்ள நாழிகை, உட்குழலான மூங்கிலை நினைவூட்டுவது. வாளி என்ற அம்புப்பெயரைக் கிணற்றடி வாளி மறைத்துவிட்டது. நீர் முகக்கும் வாளி, போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த வேற்றுச்சொல்.

எய்தவர் பெயரும் தொழிலிலிருந்தே வந்தது. எய்தல் என்னும் வினையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் எயினர் என்பது பாலைநில வேட்டுவரின் பெயர். முள்ளை எய்வதாக மக்கள் நம்பிய முள்ளம்பன்றிக்கும் எய் என்றே பெயர். திருத்தணிக்கு வடக்கே காளத்தியில், அம்பினாலேயே தம் கண்ணை அகழ்ந்து இறைவனுக்கு அப்பிய வேடர் திண்ணனாரின் வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைத்தார். திருத்தணிக் குன்றில் அமர்ந்த முருகனும் வேடர்குல வள்ளியை நாடி வேட்டுவக் கோலத்தில் சென்றவன் என்பது புராணம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையம்புக்கு இடமில்லை. சொற்கள் மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டன. நாணில் அம்பைத் தொடுத்தவரின் வினை, இன்று வழக்குத் தொடுப்பவருக்கு உதவுகிறது, கணை ஏவுகணையாயிற்று. சாலையோரத்து அம்புக்குறியில் முனையே வழிகாட்டுகிறது; கோல் வெறுங்கோடாகக் குறுகிவிட்டது. தண்டின் பழைய மதிப்பு, தேடாத இடம் ஒன்றில் தங்கியிருக்கிறது. சரவணம் என்பதற்குச் சரம் அடர்ந்த காடு, அதாவது நாணற்காடு என்று பொருள். அம்புக்கு உடல் தந்த அதே புல்லின் பெயர் அது. திருத்தணி மலையடிவாரத்துக் குளத்துக்கு இன்றும் சரவணப் பொய்கை என்றே பெயர்.