மால்டாவின் முயல் விருந்து

திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மால்டா தீவிற்கு இன்று சுற்றுலா செல்வோர், இம்ஜார் என்னும் சிற்றூரின் ஆலயச் சதுக்கத்தில் உள்ள உணவகங்களைத் தேடிச் செல்வதுண்டு. (மக்கள் முட்டை விற்றுச் சேர்த்த பணமும் அவ்வாலயத்தை எழுப்ப உதவியது என்பது தனிக்கதை.) அங்கே 'பென்காத்தா' எனப்படும் முயல் விருந்து பெயர்பெற்றது. முதலில் முயல் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி வரும். பின்னர், பூண்டும் பிரிஞ்சி இலையும் சேர்த்துத் திராட்சை மதுவில் மெல்ல வேகவைத்த இறைச்சி வரும். பலர் கூடியமர்ந்து, நெடுநேரம் உரையாடிக்கொண்டே உண்பதுதான் முறை.

இவ்வுணவிற்குப் பின்னால் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1530 முதல் தீவை ஆண்ட தூய யோவான் சபையின் வீரத்துறவிகள் வேட்டையைத் தங்கள் உரிமையாகக் கருதினர். குடியானவர் முயல் பிடிப்பதைச் சட்டமிட்டுக் கட்டுப்படுத்தினர். பயிரை மேயும் முயலைப் பயிரிட்டவன் தொடலாகாது! 1773இல் சபைத் தலைவரான ஹிமெனெஸ் காலத்தில் கருவூலம் வறண்டிருந்தது. தானிய விலை ஏறியது. முயல் வேட்டையும் தடைசெய்யப்பட்டது. ரொட்டியும் எட்டவில்லை, இறைச்சியும் கிட்டவில்லை.

1775 செப்டம்பரில் கயத்தானோ மன்னரீனோ என்னும் அருள்பணியாளரின் தலைமையில் குருக்கள் சிலர் வலெட்டா நகரின் தூய எல்மோ கோட்டையைக் கைப்பற்றினர். மக்கள் திரண்டு வருவர் என நம்பினர், மக்கள் வரவில்லை. கிளர்ச்சி விரைவில் அடங்கியது. மூவர் கொல்லப்பட்டனர். சிறையிலிடப்பட்ட மன்னரீனோ, 1798இல் பிரெஞ்சுப் படை தீவைக் கைப்பற்றிய பின்னரே வெளியே வந்தார்.

குருக்கள் ஆயுதம் ஏந்தியதை நான் போற்றவில்லை. தங்கள் சலுகைகளைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இருந்தது. ஆயினும், ஏழ்மை வாக்குறுதி கொடுத்த துறவிகள் ஏழையின் சட்டிக்குக் காவல் போட்டதை எண்ணும்போது, அக்குருக்களைக் குற்றம் சொல்ல நா எழவில்லை.

இன்று உணவகங்களில் பரிமாறப்படுவது பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கப்படும் முயலே. திருத்தூதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவின் முன்னிரவில், ஜூன் 28 அன்று, மக்கள் புஸ்கெட் சோலையில் கூடி முயல் கறியும் மதுவும் நாட்டுப்பாடலுமாக விழா எடுக்கின்றனர். அச்சோலை, ஒருகாலத்தில் வீரத்துறவிகள் தங்களுக்கென ஒதுக்கி வைத்திருந்த வேட்டைக்காடு.