வார் ஹார்ஸ் (புதினம்)

வார் ஹார்ஸ் (பொருள்: போர்க்குதிரை) என்பது ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மோர்பர்கோ எழுதிய சிறுவர் புதினம் ஆகும். இது 1982 ஆம் ஆண்டில் வெளியானது. முதலாம் உலகப் போரின்போது இராணுவத்துக்கு விற்கப்பட்ட ஜோயி என்னும் பண்ணைக் குதிரைக்கும், அதனை வளர்த்த ஆல்பர்ட் என்னும் சிறுவனுக்கும் இடையிலான பிணைப்பே இதன் கரு. கதை முழுவதையும் குதிரையே தன் வாய்மொழியாகக் கூறுகிறது. இப்புதினம் பின்னர் மேடை நாடகமாகவும் திரைப்படமாகவும் உருவாக்கப்பட்டது.

எழுதப்பட்ட பின்னணி

மோர்பர்கோ 1943 இல் பிறந்தவர். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள இடஸ்லி என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்து வந்தார். அவ்வூர் மதுக்கூடத்தில், முதலாம் உலகப் போரில் பங்குகொண்ட முதியவர் ஒருவரைச் சந்தித்து உரையாடினார். போரில் குதிரைகளோடு பழகியவர்களின் நினைவுகள் அவரை இக்கதைக்கு இட்டுச் சென்றன. அவ்வூரைச் சேர்ந்த மூன்று முதியவர்களின் நினைவுகள் இதற்கு உதவியதை அவர் நூலிலேயே குறிப்பிட்டுள்ளார்.

மோர்பர்கோவும் அவரது மனைவி கிளேரும் 1976 இல் நகரத்துச் சிறுவர்கள் பண்ணையில் ஒரு வாரம் தங்கி வேலை செய்வதற்கான அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினர். அங்கு வந்த ஒரு சிறுவன் பேச்சுத்தடை உள்ளவன். பள்ளியில் அவன் வாய் திறப்பதே இல்லை. ஓர் இரவு அவன் தொழுவத்தின் வாயிலில் நின்று குதிரையிடம் தடையின்றிப் பேசிக்கொண்டிருந்ததையும், குதிரை அசையாது நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் மோர்பர்கோ கண்டார். குதிரையைக் கதைசொல்லியாக வைத்து எழுதலாம் என்னும் துணிவு தமக்கு அதனால் ஏற்பட்டதாக அவர் கூறியுள்ளார்.

கதைச்சுருக்கம்

ஜோயி ஆறு மாதம்கூட நிறையாத குட்டியாக இருக்கும்போது, சந்தையில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகிறது. குடிபோதையில் இருந்த விவசாயி ஒருவர் அதனை மூன்று கினிகளுக்கு வாங்குகிறார். அவருடைய மகன் ஆல்பர்ட் குட்டியை அன்புடன் வளர்க்கிறான். தந்தை கட்டிய பந்தயத்துக்காக, உழவு அறியாத அக்குதிரையை ஒரே வாரத்தில் ஏர் இழுக்கவும் பழக்குகிறான். ஆந்தை அலறுவது போன்ற ஒரு சீழ்க்கை ஒலி, அவன் ஜோயியை அழைக்கும் அடையாளம் ஆகிறது.

1914 இல் போர் தொடங்குகிறது. பணநெருக்கடியில் இருந்த தந்தை, மகனுக்குத் தெரியாமல் குதிரையை 40 பவுணுக்கு இராணுவத்திடம் விற்றுவிடுகிறார். ஆல்பர்ட் தானும் படையில் சேர முன்வருகிறான். ஆனால் வயது போதாமையால் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

பிரான்சில் குதிரைப்படைத் தாக்குதல் ஒன்றில் ஜோயி மீது ஏறியிருந்த அதிகாரி கொல்லப்படுகிறார். பின்னர் ஜோயியும் டாப்தோர்ன் என்னும் மற்றொரு குதிரையும் செர்மானியரிடம் பிடிபட்டு, காயமடைந்தோரை ஏற்றும் வண்டியை இழுக்கின்றன. இரவில் அவை தங்கும் பண்ணையில் எமிலி என்னும் பிரெஞ்சுச் சிறுமி தன் தாத்தாவுடன் வாழ்கிறாள். பெற்றோரை இழந்த அவள் அக்குதிரைகளைத் தன்னுடையவையாகவே கருதிப் பேணுகிறாள். செர்மானியர் அவற்றை அவளிடம் விட்டுச் சென்றாலும், பின்னர் வரும் பீரங்கிப் பிரிவு ஒன்று அவற்றைக் கொண்டு போய்விடுகிறது. இவ்வாறு ஒரே குதிரையை இங்கிலாந்தில் ஒரு சிறுவனும் பிரான்சில் ஒரு சிறுமியும் இழக்கின்றனர். பறித்த படைகள் மட்டும் வேறு வேறு.

டாப்தோர்ன் களைப்பால் இறக்கிறது. தனித்து ஓடும் ஜோயி, இரு படைகளின் பதுங்குகுழிகளுக்கும் இடைப்பட்ட ஆளற்ற நிலத்தில் முட்கம்பியால் காயமடைந்து நிற்கிறது. ஒரு செர்மானிய வீரரும் ஒரு வேல்ஸ் வீரரும் ஆயுதமின்றி வெளியே வந்து, நாணயம் சுண்டி குதிரை யாருக்கு என்று முடிவு செய்கின்றனர். வேல்ஸ் வீரர் வெல்கிறார். ஜோயி கொண்டு செல்லப்படும் கால்நடை மருத்துவமனையில் ஆல்பர்ட் பணியாற்றுகிறான். சேற்றைக் கழுவும்போது தெரியும் நெற்றிச் சிலுவைக் குறியும் நான்கு வெள்ளைக் கால்களும், பழைய சீழ்க்கையும் இருவரையும் மீண்டும் சேர்க்கின்றன.

போர் முடிந்ததும் இராணுவம் குதிரைகளை அங்கேயே ஏலம் விடுகிறது. இறைச்சிக்காக வாங்க வந்த ஒருவருடன் போட்டியிட்டு எமிலியின் தாத்தா ஜோயியை வாங்குகிறார். எமிலி இறந்துவிட்டாள். அவளைப் பற்றிப் பிறரிடம் சொல்ல வேண்டும் என்னும் நிபந்தனையுடன், ஒரே ஒரு பென்னிக்கு அவர் குதிரையை ஆல்பர்டுக்கு விற்கிறார்.

வரலாற்றுப் பின்னணி

கதை கற்பனை எனினும் அதன் சூழல் உண்மையானது. 1914 ஆகத்தில் பிரித்தானிய இராணுவத்திடம் ஏறத்தாழ 25,000 குதிரைகளே இருந்தன. போர் தொடங்கிய சில வாரங்களில் பண்ணைகள், வண்டிக்காரர்கள், தனியார் இல்லங்கள் ஆகியவற்றிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பெறப்பட்டன. புதினத்தில் தந்தை தாமாகவே குதிரையை விற்கிறார். உண்மையிலோ கையகப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இருந்தது. விலை கொடுக்கப்பட்டாலும் உரிமையாளர் மறுக்க இயலாது.

1914 ஆகத்தில் லங்காசயர் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் சிறுவர்கள், போர்த்துறை அமைச்சர் கிச்சனர் பிரபுவுக்குக் கடிதம் எழுதினர். தங்கள் மட்டக்குதிரை வயதானது, சினையாக உள்ளது, வேறு குதிரைகளை ஏற்கனவே கொடுத்துவிட்டோம், இதனை மட்டும் விட்டுவிடுங்கள் என்பது அவர்களது வேண்டுகோள். 15 கை (ஏறத்தாழ 152 செ.மீ) உயரத்துக்குக் குறைந்த குதிரைகள் எடுக்கப்படமாட்டா என்று மறுமொழி வந்தது. அச்சிறுவர்களின் குதிரை தப்பியது. ஏர் இழுக்கும் பெரிய குதிரைகளுக்கு இவ்விலக்கு பொருந்தவில்லை. பீரங்கியும் வண்டியும் இழுக்க அவையே தேவைப்பட்டன.

பிரித்தானியப் படைகளில் பணிபுரிந்த குதிரைகள், கோவேறு கழுதைகள் முதலிய விலங்குகளில் 4,80,000க்கும் மேற்பட்டவை இறந்தன. குண்டுகளை விட நோய், களைப்பு, குளிர், பட்டினி ஆகியவற்றால் இறந்தவையே மிகுதி. எஞ்சியவற்றில் சிறு பகுதியே நாடு திரும்பியது. மற்றவை உள்ளூர் விவசாயிகளுக்கோ இறைச்சிக்கோ விற்கப்பட்டன. ஜோயி வீடு திரும்புவது விதிவிலக்கே.

தழுவல்கள்

* நாடகம்: நிக் ஸ்டாஃபோர்டின் நாடக வடிவம் 2007 இல் இலண்டன் தேசிய அரங்கில் மேடையேறியது. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக்கூத்துக் குழு உருவாக்கிய ஆளுயரக் குதிரைப் பாவைகள் இதில் இடம்பெற்றன. ஒரு குதிரையை மூவர் இயக்கினர். மேடையில் குதிரை பேசுவதில்லை. காது, மூச்சு, உடல் அசைவு ஆகியவற்றாலேயே உணர்வை வெளிப்படுத்துகிறது. நியூயோர்க்கில் 2011 இல் சிறந்த நாடகம் உட்பட ஐந்து டோனி விருதுகளைப் பெற்றது.
* திரைப்படம்: ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கத்தில் 2011 இல் வெளியானது. ஜெரமி இர்வின் ஆல்பர்டாக நடித்தார். ஆறு ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.
* தொடர்ச்சி: ஆல்பர்டின் பிற்கால வாழ்வைக் கூறும் ஃபார்ம் பாய் (பண்ணைச் சிறுவன்) என்னும் நூலை மோர்பர்கோ 1997 இல் எழுதினார்.